மேடை ஓரத்து ஆள்

சென்னை,
8.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மகாதேவி எழுதுவது. நான் இங்கே நலம். நீங்களும் பெரியம்மாவும் நலமா? சாரல் ஆரம்பித்திருக்கும், பெரியம்மாவுக்கு மூட்டு வலி கூடியிருக்குமே. தைலம் தீர்ந்துவிட்டால் அம்மாவிடம் இருக்கிறது, வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

விளையாட்டு விடுதியில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் தருவார்கள். அம்மா அழுது முடிக்கவே அது சரியாகப் போய்விடுகிறது. பூம்பாறையில் உங்கள் வீட்டுப் பக்கம் டவரும் கிடைக்காது. ஆகவே கடிதம். கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்.

வெயில் தாங்கவில்லை. முதல் நாள் பயிற்சியில் ஜெயமுருகன் சார் (இவர்தான் தலைமைப் பயிற்சியாளர்) என்னை ஐந்து முறை தூக்கச் சொல்லிவிட்டு, கையைப் பார்க்காமல் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். “யாரும்மா உனக்குக் கால் வைக்கச் சொல்லிக் குடுத்தது?” என்று கேட்டார். எங்கள் பெரியம்மா மகன், 2009இல் பளுதூக்குதலில் மாநில சாம்பியன் என்றேன். கொடைக்கானலில் பாவா பாயின் பூண்டுக் கிடங்கில் நீங்கள் மூட்டை ஏற்றும் வேலை பார்ப்பதையும், கல்லூரி விட்டதும் நான் அங்கே வந்து நான்கு வருடம் பழகியதையும் சொன்னேன். அறையில் இருக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் உங்கள் கதை இப்போது மனப்பாடம்.

படிவத்தில் ‘முதல் பயிற்சியாளர்’ என்று ஓர் இடம் இருந்தது. பெருமையாக உங்கள் பெயரை எழுதினேன். அலுவலகத்தில் உங்கள் சான்றிதழ் நகல் ஒன்று கேட்கிறார்கள். அனுப்பி வையுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாவா பாய்க்கு என் சலாம்.

இப்படிக்கு,
தங்கை மகாதேவி

*

பூம்பாறை,
21.6.2025

அன்புத் தங்கச்சி மகாதேவிக்கு,

அண்ணன் செல்வமுருகன் எழுதிக்கொண்டது. குழந்தை வேலப்பர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். சித்தப்பாவின் தோட்டத்தில் பூண்டு முளைத்துவிட்டது. சித்தி நேற்று வந்து, சென்னைச் சோறு உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று என்னிடம் கேட்டது, நான் ஏதோ பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி.

வெயில் ஊரில் உடம்பில் நீர் இறங்கிவிடும். தூக்கும் முன் கால் பெருவிரலில் வலி தெரிகிறதா பார். தெரிந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம், உப்புப் போட்ட மோர் குடி. புது ஷூ கொடுத்தால் முதல் வாரம் அதில் கனமாகத் தூக்காதே.

சான்றிதழ் போன வருட மழையில் நனைந்து வீணாகிவிட்டது. அதற்காக யாரையும் அலைக்கழிக்க வேண்டாம். படிவத்தில் என் பெயர் எதற்கு? இப்போது சொல்லித்தருகிற சார் பெயரைப் போடு, அதுதான் முறை. பிள்ளைகளிடமும் என் கதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்காதே.

வெரசா தூங்கி வெள்ளனே எழு. வேறு விசேஷம் இல்லை.

உன் அண்ணன்,
செல்வமுருகன்

*

சென்னை,
14.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் கடிதத்தை மூன்று பேர் வாங்கிப் படித்தார்கள். சாம்பியனுக்கு இவ்வளவு அடக்கமா என்று கேட்கிறாள் என் பக்கத்துக் கட்டில் ஷைமா. அவள் பழனிக்காரி, அப்பா அடிவாரத்தில் கடை வைத்திருக்கிறார். சான்றிதழ் போனால் என்ன, பழைய பட்டியலில் பெயர் இருக்கும், அலுவலகத்தில் தேடச் சொல்கிறேன். 2009இல் நீங்கள் எந்த எடைப் பிரிவு? திருச்சிப் போட்டியில் உள்ளங்கை கிழிந்த பிறகும் தூக்கினீர்களே, அது எத்தனை கிலோ? பிள்ளைகள் கேட்கிறார்கள்.

எனக்கு ஒரு கஷ்டம். ஸ்னாட்ச்சில் 78 கிலோவுக்கு மேல் போனால், ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்கும்போது இரும்புப் பார் முன்பக்கமாக ஓடுகிறது. தோள் பலம் போதாது என்கிறார் சார். ஷைமாவின் போனில் எடுத்த வீடியோவை ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 24 இங்கேயே மாநிலப் போட்டி.

தங்கை மகாதேவி

*

பூம்பாறை,
27.7.2025

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே சுகம். அம்மாவுக்கு வலி தேவலை.

வீடியோவை முப்பது தடவைக்கு மேல் பார்த்தேன், சித்தி போனில் சார்ஜ் இறங்கிவிட்டது. தோளில் ஒன்றும் குறையில்லை. பார் முழங்காலைத் தாண்டும்போது உன் வலது குதிங்கால் ஒரு நூல் எழும்புகிறது. இடது காலில் இல்லை. அதனால் பார் முன்னால் ஓடி, நீ அதை விரட்டிப் போகிறாய். ஷூவுக்குள் வலது குதிங்காலால் ஒரு காசை மிதித்துக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டு தூக்கிப் பார். பத்து நாளில் சரியாகும்.

பட்டியலில் எல்லாம் தேட வேண்டாம், தாயி. அண்ணன் சொன்னால் கேள்.

செப்டம்பரில் பாவா பாயின் பூண்டு லோடு சென்னைக்கு வருகிறது. கூட வந்து உன்னை ஒரு எட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று இருக்கிறேன்.

அண்ணன்,
செல்வமுருகன்

*

சென்னை,
28.8.2025

அண்ணனுக்கு,

நலம். மாநிலப் போட்டி முடிந்தது. 58 கிலோ பிரிவில் தங்கம். ஸ்னாட்ச் 81, கிளீன் அண்ட் ஜெர்க் 102.

இனிமேல் பயிற்சி அதிகம். அடிக்கடி எழுத முடியாது. லோடு கூட நீங்கள் வர வேண்டாம், இங்கே வெளியாட்களை விடுவதில்லை. பெரியம்மாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

மகாதேவி

*

கொடைக்கானல்,
12.9.2025

அன்புத் தங்கச்சி மகாதேவிக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. தங்கம் வாங்கிய செய்தி வந்த பேப்பரைப் பாவா பாய் கடையில் ஒட்டி வைத்திருக்கிறார். வருகிறவர்களையெல்லாம் நிறுத்திப் படிக்க வைக்கிறார். ‘யாரிடமும் முறையாகப் பழகாமல் சொந்த முயற்சியில் வளர்ந்த மலைக்கிராமத்துப் பெண்’ என்று போட்டிருந்தது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். அதில் தப்பில்லை.

உன் கடிதம் கைக்குக் கிடைக்கும் முன்பே லோடு கிளம்பிவிட்டது. ஐந்தாம் தேதி காலை உன் விடுதி வாசலுக்கு வந்தேன். வாட்ச்மேன் நல்ல மனுசன். உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, நீ வெளியூர் போயிருப்பதாகச் சொன்னார். சித்தி கொடுத்துவிட்ட பூண்டு ஊறுகாயையும் கம்பளிச் சட்டையையும் அவரிடம் கொடுத்திருக்கிறேன். வாங்கிக்கொள்.

லாரி வரக் கொஞ்ச நேரம் ஆனது. அதுவரை மதில் ஓரம் நின்றிருந்தேன். உள்ளே பார் விழுகிற சத்தம் கேட்டது. தூக்குகிற பெண் யாரென்று தெரியவில்லை, மேலே நிலைக்கும் முன்பே கையை விட்டுவிடுகிறது, சத்தத்திலேயே தெரிகிறது. மனதில் ஏதாவது இருந்தால் அப்படித்தான் விடத் தோன்றும். நடுவர் கையை இறக்கும்வரை பிடித்திருக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளையிடம் சொல்.

உடம்பைக் கவனி. பதில் அவசரமில்லை.

அண்ணன்,
செல்வமுருகன்

*

சென்னை,
19.10.2025

அண்ணனுக்கு,

பெரியம்மா நலமா?

ஒரு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன். இன்று எழுதி முடித்துவிட வேண்டும்.

மாநிலப் போட்டியன்று போன் கையில் இருந்தது. கிடங்கில் பாவா பாய் எடுத்த நம் போட்டோவை ஷைமாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற வயதான நடுவர் ஒருவர், நல்லுசாமி என்று பெயர், எட்டிப் பார்த்தார்.

“இது நம்ம தட்டு செல்வம்ல? திண்டுக்கல் பந்தல்காரர்கிட்ட இருந்த பய.”

இல்லை சார், இவர் மாநில சாம்பியன் என்றேன். அவர் சிரித்தார். “இவன் பாரைத் தொட்டதே எடைத் தட்டு மாட்டத்தானேம்மா. எந்தப் போட்டியிலயும் பேர் குடுத்ததில்லையே.” சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இரண்டரை மாதமாக உங்கள் கதையைக் கேட்ட பிள்ளைகள் அவர்கள். படிவத்தில் நான் எழுதியதை அலுவலகத்தில் அடித்துவிட்டார்கள்.

திருச்சியில் கிழிந்த கை யாருடையது? நான்கு வருடம் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேனே, ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே. ஏன் பொய் சொன்னீர்கள்?

மகாதேவி

*

பூம்பாறை,
30.10.2025

தங்கச்சி மகாதேவிக்கு,

எல்லோரும் சுகம்.

நல்லுசாமி ஐயா சொன்னது அத்தனையும் உண்மை. பதினெட்டு வயதில் திண்டுக்கல்லில் பந்தல்காரரிடம் வேலைக்குச் சேர்ந்தேன். போட்டிக்கு மேடை போடுவார்கள், தட்டு மாட்ட ஆள் வேண்டும் என்றார்கள், போனேன். பதினோரு வருடம். ஒவ்வொருவரும் கேட்கிற எடைக்குத் தட்டு மாட்டுவது, இரண்டடி தள்ளி மேடை ஓரத்தில் குத்தவைத்து உட்காருவது, மறுபடி எழுந்து மாட்டுவது. அப்படி உட்கார்ந்திருக்கிறவனுக்கு முகம் தெரியாது, கால்தான் தெரியும். யார் தூக்குவார், யார் விடுவார் என்று காலைப் பார்த்தே எனக்குள் சொல்லிக்கொள்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். தூக்கிப் பார் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. திருச்சியில் கிழிந்தது ஒரு கோவில்பட்டிப் பையனின் கை. இரத்தத்தைத் துடைத்தது நான்.

நீ கிடங்குக்குச் சித்தப்பாவோடு வந்த அன்று விளையாட்டாய் ஒரு மூட்டையைத் தூக்கி வைத்தாய். அது தரையை விட்டுக் கிளம்பிய விதம் எனக்குத் தூக்கம் வரவிடவில்லை. மறுநாள் சித்தப்பாவிடம் கேட்டேன். “பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குடா இதெல்லாம்? முதல்ல ஒனக்கு இதுல என்ன தெரியும்?” என்றார். தட்டு மாட்டினேன் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். “நான் ஸ்டேட் சாம்பியன் சித்தப்பா” என்று வாயில் வந்துவிட்டது. பொய் அவரிடம் சொன்னது. ஆனால் நீ அதை நம்பி என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் திருத்தவில்லை. அதை நினைத்தால் இப்போது யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

நேற்று சித்தப்பாவிடம் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் சித்தியிடம் எனக்கு டீ கொடுக்கச் சொன்னார்.

உனக்கு என்னால் தலைகுனிவு வந்துவிட்டது. இனி நான் எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன். நன்றாக இரு.

செல்வமுருகன்

*

சென்னை,
23.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? ஞாயிறு அன்று அம்மாவிடம் கேட்டால், ‘அவன் யார் வீட்டுக்கும் வருவதில்லை’ என்று மட்டும் சொல்கிறது.

நீங்கள் உங்கள் தப்பை எழுதிவிட்டீர்கள். என்னுடையதை நான் எழுதவில்லை. அன்று நல்லுசாமி ஐயா சிரித்த பிறகு ஷைமா என்னிடம், “அப்ப அவர் ஒன் கோச் இல்லையா?” என்று கேட்டாள். “இல்ல, ஊர்க்காரர். தண்ணி எடுத்துக் குடுப்பார்” என்றேன். அண்ணன் என்றுகூடச் சொல்லவில்லை. பேப்பர்காரரிடம் ‘சொந்த முயற்சி’ என்று எழுதச் சொன்னதும் நான்தான்.

ஐந்தாம் தேதி நான் எங்கேயும் போகவில்லை. வாட்ச்மேன் உள்ளே வந்து, “பூம்பாறையிலேர்ந்து ஒருத்தர் வந்திருக்கார், கையில பை இருக்கு” என்றபோது பத்துப் பேர் இருந்தார்கள். நான் ஊரில் இல்லை என்று சொல்லச் சொன்னேன். பிறகு தூக்கினேன். நீங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டது என்னைத்தான். உங்களுக்கு அது அப்போதே தெரியும். தெரிந்தும் ‘யாரென்று தெரியவில்லை’ என்று எழுதினீர்கள். அந்த வரியைப் படித்ததிலிருந்து ஊறுகாய்ப் பாட்டிலை நான் திறக்கவில்லை, ஷைமாதான் சாப்பிடுகிறாள்.

அந்தக் கோபத்தில் உங்கள் கால் வைப்பையே விட்டுவிட்டு வேறு மாதிரி பழகினேன். மூன்று வாரம் 95கூட நிற்கவில்லை. சாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. “அவர் சொன்னதுல எதாச்சும் தப்பா இருந்துச்சா?” என்று மட்டும் கேட்டார். எவ்வளவோ யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை.

எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

தங்கை மகாதேவி

*

சென்னை,
21.12.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் வரவில்லை. வந்திருக்க நியாயமும் இல்லை.

ஜனவரி 17 ஒடிசாவில் தேசியப் போட்டி. ஒவ்வொருவருக்கும் மேடைக்குப் பின்னால் உடன் நிற்க ஒருவரை அனுமதிக்கிறார்கள். சார் என்னையே எழுதச் சொன்னார். உங்கள் பெயரை எழுதினேன். தகுதி என்ற இடத்தில் ‘பதினோரு ஆண்டுகள் போட்டி மேடையில் தட்டு மாட்டியவர்’ என்று எழுதினேன். அலுவலகத்தில் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். சார் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

14ஆம் தேதி பழனியிலிருந்து ரயில். டிக்கெட்டை இதோடு வைத்திருக்கிறேன். ஷைமாவின் அப்பா ஸ்டேஷனுக்கு வந்து ஏற்றிவிடுவார். நீங்கள் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு யாரையும் நிறுத்த மாட்டேன்.

மகாதேவி

*

சென்னை,
25.1.2026

அன்புள்ள அண்ணனுக்கு,

நலமாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? பனியில் பஸ் ஏறியது தொண்டைக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்குமே. பெரியம்மாவிடம் வெள்ளிப் பதக்கத்தைக் காட்டினீர்களா?

ஸ்டேஷனில் இறங்கி நின்ற உங்களைப் பார்த்ததும் கையிலிருந்த பையை மட்டும் வாங்கிக்கொண்டேன். நீங்களும் முழங்கால் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டீர்கள். அந்த மூன்று நாளும் நாம் பாரைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

மற்ற பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து உடம்பு ஆறிப்போய் நடுங்கிக்கொண்டிருந்தபோது, என் முறைக்கு மேடையில் இன்னும் எத்தனை தூக்கு பாக்கி என்று நீங்கள் விரலில் எண்ணி, சரியான நேரத்துக்கு என்னை எழுப்பிவிட்டீர்கள். சாரே உங்கள் விரலைப் பார்த்துத்தான் மற்றவர்களை அனுப்பினார். கடைசித் தூக்குக்கு நான் 109 கேட்டேன். “107 போடு. கால் அவ்வளவுதான் சொல்லுது” என்றீர்கள். 107 நின்றது. 109 நின்றிருக்காது, மேலே நிற்கும்போதே எனக்குத் தெரிந்தது. பேப்பர்காரர்களிடம் உங்கள் பெயரையும் உங்கள் வேலையையும் சொன்னேன். இதையெல்லாம் நீங்கள் பார்த்தீர்கள்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. நல்லுசாமி ஐயா அங்கேயும் வந்திருந்தார். தட்டு மாட்டுகிறவர்களில் ஒருவருக்குக் கையில் அடிபட்டுவிட்டது. ஐயா பின்பக்கம் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, “ஏலே செல்வம், நல்ல வேளை நீ இருக்க. வந்து கொஞ்சம் மாட்டுப்பா” என்றார். அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஆனாலும் வேறு மாநிலப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணா, நான் குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவே இல்லை. அத்தனை கடிதம் எழுதிய பிறகும், உங்கள் பெயரை என் கையால் எழுதிக் கூட்டி வந்த பிறகும், அந்த நிமிடம் எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. நீங்கள் அதைப் பார்த்துவிட்டீர்கள்.

“இல்லைங்க ஐயா, இன்னைக்கு முடியாது. வேற ஆளப் பாருங்க” என்று நீங்களே சொன்னீர்கள். நான் சொல்லியிருக்க வேண்டியது அது. எனக்காகத்தான் மறுத்தீர்கள் என்று தெரியும். அந்த வெள்ளியை உங்கள் கையில் கொடுத்தனுப்பியது அன்பினால் மட்டும் இல்லை, என்னால் அதைப் பார்க்க முடியவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு இனி வாயில்லை.

தங்கை மகாதேவி

*

பூம்பாறை,
3.2.2026

அன்புத் தங்கச்சி மகாதேவிக்கு,

அண்ணன் எழுதிக்கொண்டது. சுகமாக வந்து சேர்ந்தேன். தொண்டை கட்டியிருந்தது, மிளகுக் கசாயத்தில் சரியாகிவிட்டது. பதக்கம் சித்தி வீட்டுப் பீரோவில் இருக்கிறது. பாவா பாய் ஒரு நாள் கடைக்கு இரவல் வாங்கிப் போய்த் திருப்பிக் கொடுத்தார். உனக்கு எப்போது பார்க்கத் தோன்றுகிறதோ அப்போது வந்து எடுத்துக்கொள்.

நாடா கட்டியதைப் பார்த்தேன். இல்லையென்று சொல்ல மாட்டேன், இரண்டு பேரும் பொய் சொன்னது போதும். கொஞ்சம் வலித்தது. நான் பொய் சொல்லிச் சம்பாதித்த மரியாதை ஒரே நாளில் உண்மைக்கு மாறிவிடுமா? நாளாகும். உனக்கும் நாளாகட்டும்.

ஆனால் ஒன்றைத் தப்பாக எழுதியிருக்கிறாய். ஐயா கூப்பிட்டதும் பழக்கத்தில் ஒரு எட்டு வைத்துவிட்டேன், அதை நீ பார்க்கவில்லை, குனிந்திருந்தாய். அப்புறம் நின்றது உன் முகத்துக்காக இல்லை. உன் முறை வர மேடையில் ஆறு தூக்குதான் பாக்கி இருந்தது, உடம்பைச் சூடேற்றுவதில் நீ இன்னும் 90ஐத் தொடவில்லை. நான் போய்விட்டால் உன்னை யார் எழுப்புவது? பதினோரு வருடம் எத்தனையோ மேடைக்குப் போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அங்கே எனக்கு வேறு சோலி இருந்தது.

வெயில் வருகிறது, மோர் குடி. ஷைமாவையும் அவள் வீட்டாரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் அண்ணன்,
செல்வமுருகன்